பாதி வேலையைக் காட்டாதவர்

யார் கூப்பிட்டாலும் அவர் உடனே திரும்பமாட்டார். முதலில் விரல்கள் இரண்டு சொற்களைத் தட்டும். திரையில் அதுவரை எழுதிக்கொண்டிருந்தது சட்டென்று மறையும். அதன்பிறகுதான் நாற்காலி திரும்பும், முகத்தில் ஒரு சிரிப்பு வரும், "சொல்லுங்க" என்பார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்க நினைத்தவர்களுக்கு அந்த இரண்டு மூன்று வினாடி போதாது. நான் எட்டு வருடம் முயன்றிருக்கிறேன்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணா. மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். தெற்கிலிருந்து வந்த ஆண் என்றால் புனேயில் அவர் அண்ணாதான். இட்லி வண்டிக்காரரும் அண்ணா, வங்கி அதிகாரியும் அண்ணா. கோயம்புத்தூர்க்காரியான நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் திருநெல்வேலிப் பக்கம். இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், வயதில் அவர் மூத்தவர். நான் டீம் லீடர் ஆனேன், அவர் அதே நாற்காலியில் இருந்தார். நான் லீடர் ஆன மறுநாளிலிருந்து என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார். கிண்டலா நிஜமா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

"அண்ணா, ஏக் மினிட்!" இந்தக் குரல் பிம்ப்ரியில் இருந்த எங்கள் தளத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்கும். யாருடைய புரோகிராமாவது படுத்துவிட்டால், எங்கே உதைக்கிறது என்று பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு நிமிடம் முக்கால் மணி நேரம் ஓடும். கூப்பிட்டவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டே, கீபோர்டைத் தொடாமல், "இந்த வரிய மாத்திப் பாருங்க" என்று இந்தியில் சொல்லிக்கொடுப்பார். சரியானதும் அவர்கள் தங்கள் பெயரில் பதிவுசெய்துகொள்வார்கள். அண்ணாவுக்கு ஒரு 'தேங்க்யூ' கிடைக்கும், வெள்ளிக்கிழமைகளில் ஒரு வடாபாவும் கிடைக்கும்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதும்போது, ஒவ்வொருவரும் தன் லேப்டாப்பில் எழுதிப் பெயரோடு பதிவுசெய்து பொதுவான சர்வருக்கு அனுப்புவோம். கமிட் பண்ணுவது, புஷ் பண்ணுவது என்று அதற்குப் பெயர். சர்வருக்குப் போய்விட்டால் உங்கள் லேப்டாப் ஆற்றில் விழுந்தாலும் கவலையில்லை. பாதி எழுதும்போது வேறு அவசரம் வந்தால், எழுதியதை அப்படியே மடித்து ஓரமாக வைக்கவும் ஒரு வசதி உண்டு. அதை ஸ்டாஷ் என்போம், அண்ணா தட்டும் இரண்டு சொற்கள் அதற்குத்தான். தையல்காரர் பாதி தைத்த ரவிக்கையைச் சுருட்டி மெஷின் டிராயரில் போடுவதுபோலத்தான். டிராயர் அவருடைய மெஷினில்தான் இருக்கும். சர்வருக்குப் போகாது, இன்னொருவர் கண்ணில் படாது. பத்து நிமிடம், மிஞ்சினால் ஒரு நாள் வைத்திருப்பதற்கான ஏற்பாடு அது. அண்ணா அதற்குள் குடித்தனமே நடத்தினார்.

அந்த டிராயரை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஏதோ தேடும்போது பட்டியலைத் திறந்தார், நான் பின்னால் நின்றிருந்தேன். முப்பதுக்கு மேல் இருந்தன. பெயர் வைக்காமல் போட்டால் மெஷினே ஒரு பெயர் போட்டுக்கொள்ளும். அதனால் ஏறக்குறைய எல்லாமே ஒரே பெயரில், வெறும் எண் மட்டும் மாறி, வரிசையாக நின்றன.

"இதுல எது எதுன்னு எப்படிங்கண்ணா தெரியும்?"

"வரிசை ஞாபகம் இருக்கும் மேடம்."

"புதுசா ஒண்ணு வச்சா எல்லாமே ஒரு நம்பர் தள்ளிப் போயிருமே?"

"தள்ளித்தான் போகும். நானும் கூடவே தள்ளி எண்ணிக்கிடுவேன்."

எனக்குத் தலை சுற்றியது. நாள்பட வைத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. நீங்கள் மடித்து வைத்த பக்கத்தை அதற்குள் வேறு நாலு பேர் திருத்தியிருப்பார்கள். மூன்று மாதம் கழித்து வெளியே எடுக்கும்போது உங்கள் வரியும் அவர்கள் வரியும் ஒன்றின்மேல் ஒன்று மோதி ஒரே குழப்பமாகக் கொட்டும். அண்ணா அதை நாள் முழுக்க உட்கார்ந்து சிக்கெடுப்பார். சாயங்காலம் சரிசெய்து முடிக்கும் நேரத்துக்கு யாராவது 'ஏக் மினிட்' என்பார்கள். விரல்கள் இரண்டு சொற்களைத் தட்டும். சிக்கெடுத்த வேலையும் மறுபடி உள்ளே போய்விடும்.

"முடிஞ்ச வரைக்கும் கமிட் பண்ணி அனுப்புங்கண்ணா. பாதின்னு எழுதிப் போட்டா யாரு என்ன சொல்லப் போறாங்க?" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"அரைகுறையா என் பேர்ல கிடந்து ஊரே பாக்கவா? முடியட்டு மேடம்."

'முடியட்டு' என்பதை அவர் சொல்லும் விதத்தில் ஒரு பிடிவாதம் இருக்கும். குரல் உயராது, ஆனால் அதற்குமேல் பேச இடம் இருக்காது.

இது ஆபீசில் மட்டும் இருந்த பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் கணவரையும் விஷ்ராந்த்வாடியில் இருந்த அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சொதி வைப்பதாகச் சொல்லியிருந்தார். போனால் அடுக்களைக் கதவு சாத்தியிருக்கிறது. அவர் மனைவி எங்களோடு ஹாலில் உட்கார்ந்து டீப்பாய் மேலிருந்த முறுக்கைத் தள்ளித் தள்ளி வைத்தார்.

"இவுக அடுப்புல நின்னா யாரும் உள்ள போகக்கூடாது. உப்பு பாக்கக்கூட என்னைய விடமாட்டாக" என்றார்.

அவர்கள் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. இங்கேயே பிறந்த பெண், தமிழை யோசித்து யோசித்துத்தான் பேசும். "ஆன்ட்டி, அப்பா ஹமேஷா அப்படித்தான். பூரா ஆச்சுன்னாதான் தர்வாஜா திறக்கும்" என்று சொல்லிவிட்டு அதுவே சிரித்தது.

மணி மூன்று ஆயிற்று. என் கணவர் மூன்றாவது தட்டு முறுக்கில் இருந்தார். கதவு திறந்தது. அண்ணா வேறு சட்டை போட்டுக்கொண்டு, வண்டிச் சாவியோடு வெளியே வந்தார். தேங்காய்ப்பால் திரிந்துவிட்டதாம், ஓட்டலில் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். "திரிஞ்சா என்ன, சாப்பிடலாம்லா" என்று மனைவி பின்னாலேயே போய்ச் சொன்னார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரிந்த சொதியை அன்று யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பன்னீர் பட்டர் மசாலா சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அவருடைய மராட்டியும் இதே கதைதான். பதினாறு வருடம் அந்த ஊரில் இருந்தார். எங்கள் எதிரில் அவர் ஒரு வாக்கியம் மராட்டியில் பேசியதில்லை. கேட்டால், "இன்னும் சரியா வரல" என்பார். ஒருமுறை ஏதோ காகிதம் வாங்க அவர் குடியிருப்புக்குப் போனபோது, மாடிப்படியில் யாரோ தங்குதடையில்லாமல் மராட்டி பேசும் குரல் கேட்டது. ஏறிப் பார்த்தால் அண்ணா, கீழ்வீட்டு அம்மாளிடம் தண்ணீர் லாரி வராததைப் பற்றி நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாதி வாக்கியத்தில் இந்திக்கு மாறினார். அந்த அம்மாள் விழித்தார்.

"இவ்வளவு நல்லா பேசறீங்களேண்ணா! ஆபீஸ்ல பேசினா என்ன?"

"அவுகளுக்குக் காது கேக்காது மேடம். நான் தப்பாப் பேசினாலும் தெரியாதுல்லா, அதான்."

அன்று நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

புது மேனேஜர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை. யாரிடமும் கத்தமாட்டார், பிறந்தநாள் மறக்கமாட்டார். ஆனால் அவருக்கு எல்லாம் திரையில் தெரிய வேண்டும். யார் எத்தனை பதிவு செய்தார்கள், எத்தனை வரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று சர்வர் தானாகப் படம் போட்டுக் காட்டும். அதில் எல்லோருடைய பெயருக்கு எதிரிலும் பச்சைக் கட்டங்கள் நெருக்கமாக இருந்தன. அண்ணா பெயருக்கு எதிரில் வெறும் சாம்பல் நிறம், அங்கங்கே ஒரு பச்சை. மற்றவர்களுடைய பச்சையில் எத்தனை அண்ணாவுடையது என்று சர்வருக்குத் தெரியாது. நான் சொன்னேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அவர் உதவி செய்கிறார் என்பது புரிகிறது. அவருடைய வேலை எங்கே?" என்றார்.

அண்ணாவை 'பிளானில்' போட்டார்கள். காகிதத்தில் அதற்கு அழகான பெயர் உண்டு, செயல்திறனை மேம்படுத்தும் திட்டம். அதில் போனவர்கள் திரும்பி வந்ததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். அதற்குள் ஒரே ஒரு வேலையை முடித்துக் காட்ட வேண்டும், காட்டினால் வேலை நிலைக்கும்.

அந்த வேலை அவர் ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருந்ததுதான். சிஞ்ச்வட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு நாங்கள் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். எந்த மெஷினில் எந்தப் பாகத்தை எப்போது ஓட்டுவது என்று அது சொல்லும். நடுவில் ஒரு மெஷின் கெட்டுப்போனால் பழைய புரோகிராம் மொத்தத்தையும் மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பித்துவிடும், ஷிப்டு முழுக்கக் கைகட்டி நிற்கும். விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அதை மாற்றி எழுத வேண்டும். எங்கள் டீமில் வேறு யாரும் அதைத் தொடக்கூடத் துணியவில்லை. எட்டாவது வாரம் நான் கேட்டபோது, "இன்னும் ரெண்டு வாரம் மேடம், ஓடுது. ஒரு இடத்துல மட்டும் முழிக்கி" என்றார். அவர் வாயிலிருந்து 'ஓடுது' என்ற சொல் வந்ததே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் காட்டியிருக்கமாட்டார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் அவர் மனைவி என்னை போனில் கூப்பிட்டார். "மாமா தவறிட்டாக. இவுக போன எடுக்க மாட்டேங்காக, கொஞ்சம் சொல்லுங்களேன்." அவர் போனை எப்போதும் சைலன்ட்டில் வைத்திருப்பார். நான் எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டேன். விரல்கள் இரண்டு சொற்களைத் தட்டின. திரை மாறியது. நாற்காலி திரும்பியது. "சொல்லுங்க மேடம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதுதான் அவருடைய அப்பா இறந்துவிட்டதை நான் சொன்னேன்.

லேப்டாப்பை மேசையிலேயே மூடி வைத்தார், ஹெல்மெட்டை எடுத்தார், போய்விட்டார். அன்று மாலையே குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார்கள்.

எங்கள் லேப்டாப்புகள் வாடகைக்கு எடுத்தவை. அந்த மாதம் பழையவற்றைத் திருப்பிக்கொடுத்துவிட்டுப் புதியவை வாங்கிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை காலை, லேப்டாப்புகளைக் கவனிக்கும் சாமான் பிரிவு ஆள் என் மேசைக்கு வந்தார். "மேடம், ஆஜ் காடி ஆயேகி. அண்ணா கா ஏக் ஹி பாக்கி ஹை." வண்டி வருகிறது, அண்ணாவுடையது மட்டும்தான் பாக்கி. திங்கட்கிழமைவரை பொறுக்க முடியுமா என்றேன். ஒன்றுக்காக வண்டி திரும்ப வராது என்றார்.

நான் அண்ணாவுக்கு போன் செய்தேன். யாரோ உறவுக்காரர் எடுத்தார். "சாம்பல் கரைக்க ஆத்துக்குப் போயிருக்காக. வந்ததும் பேசச் சொல்லவா?" என்று கேட்டார். அப்பாவின் சாம்பலைக் கரைக்கப் போன மனிதரிடம் லேப்டாப்பைப் பற்றிப் பேசுவதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சாமான் பிரிவு ஆள் தன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து கொடுத்தார். அண்ணாவின் புரோகிராம்கள் மூன்று ஃபோல்டர்களில் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, பதிவு செய்யாமல் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று மெஷினைக் கேட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில்: ஒன்றும் பாக்கியில்லை, எல்லாம் சுத்தம். சர்வரோடு ஒப்பிட்டேன். அதுவும் சரி. எவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படி நினைத்தேன்.

மடித்து டிராயரில் போட்டதை மெஷின் பாக்கி என்று சொல்லாது. மேசை காலி, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். டிராயரைத் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு கட்டளை, எனக்குத் தெரியாததும் இல்லை. அந்த முப்பத்துச் சொச்சத்தை என் கண்ணால் பார்த்தவள் நான். அவர் சுபாவம் தெரிந்தவள் அந்தத் தளத்தில் நான் ஒருத்திதான். கீழே வண்டி நிற்கிறது, பதினொரு மணிக்கு எனக்கு மீட்டிங், சுத்தம் என்று மூன்று தடவை பதில் வந்துவிட்டது. 'எல்லா வேலையும் சர்வரில் உள்ளது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்தார். பிளானில் இன்னும் பத்து வேலைநாள் இருந்தது. மேசையில் புது லேப்டாப்பைப் பார்த்து, "அட, எனக்குமா?" என்றார். சர்வரிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினார். டிராயரைத் திறந்தார். காலியாக இருந்தால் அந்தக் கட்டளை எதுவுமே சொல்லாது, 'இல்லை' என்றுகூடச் சொல்லாது. அடுத்த வரிக்கு வந்து நிற்கும். அவர் மறுபடி தட்டினார். மறுபடி தட்டினார்.

"பழசு எங்க மேடம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாமான் பிரிவுக்கு ஓடினேன், வாடகைக் கம்பெனிக்கு போன் போட்டேன். வந்த அன்றே எல்லாவற்றையும் முழுக்க அழித்து வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். விதிமுறை அப்படி. ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

திரும்பி வந்து சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவர் அந்தக் காலித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"சுத்தம்னுதான வந்திருக்கும்?"

"ஆமாங்கண்ணா. மூணுலயும்."

"வரும். நான்தான சுத்தமா வச்சிருந்தேன்" என்றார். பிறகு, "விடுங்க மேடம், பாத்துக்கிடலாம்" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நினைவிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தார். ஒரு வருட வேலையை எந்த மனிதனும் பத்து நாளில் எழுத முடியாது. ஆனால் ஏற்கெனவே ஒருமுறை யோசித்து முடித்தவர், முடித்தாலும் முடிப்பார் என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. அண்ணாவை யாரும் கூப்பிட வேண்டாம் என்று டீம் குரூப்பில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். குரூப்பில் எழுதாமல் நேரிலேயே வந்து கூப்பிட்டார்கள். அவரும் எழுந்து போனார்.

"ஏங்கண்ணா இப்படிப் பண்றீங்க? முடியாதுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"பாவம், முழிச்சிக்கிட்டு நிக்கான். ஒரு நிமிஷம்தான."

நான் சண்டையே போட்டேன். இன்றைக்கு எழுதியதை இன்றைக்கே சர்வருக்கு அனுப்புங்கள், பாதியாக இருந்தால் இருக்கட்டும், ஒரு பச்சைக் கட்டமாவது விழட்டும், மேனேஜரிடம் அதையாவது காட்டிப் பேசலாம் என்றேன். தலையை ஆட்டினார். ஆறாவது நாள் அவர் டீ குடிக்கப் போனபோது நான் வெட்கத்தை விட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அன்று தட்டாமல் விட்ட கட்டளையைத் தட்டினேன். புது லேப்டாப்பில் அதற்குள் ஐந்து சேர்ந்திருந்தன. சர்வரில் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மனிதன் மாறமாட்டானா என்று கோபம். அந்த ஐந்தையும் நானே எடுத்து அவர் பெயரில் அனுப்பியிருக்கலாம். பிறருடைய டிராயரில் கைவைக்கக்கூடாது என்று எழுந்துவிட்டேன். சரியா தவறா என்று இன்றுவரை தெரியவில்லை.

கடைசி நாள் மீட்டிங்கில் நான்கு பேர் இருந்தோம். மேனேஜர், திரையில் ஹெச்.ஆர். பெண், அண்ணா, நான். முடிந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றார் அண்ணா. காட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். காட்டுற மாதிரி இல்லை என்றார். நான் குறுக்கே புகுந்து எல்லாவற்றையும் சொன்னேன். லேப்டாப்பைக் கொடுத்தது நான், கையெழுத்துப் போட்டது நான், அதில் வேலை இருந்தது, தவறு என்னுடையது என்றேன். ஹெச்.ஆர். பெண் குறித்துக்கொண்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார். "அதில் வேலை இருந்தது என்கிறீர்கள். அது ஓடியதை நீங்கள் ஒருமுறையாவது பார்த்தீர்களா? பார்த்தேன் என்று சொல்லுங்கள், நான் இன்னும் ஒரு மாதம் வாங்கித் தருகிறேன்."

அவர் உண்மையாகவே ஒரு வழி தேடினார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு சொல் போதும். அண்ணா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடியது என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. ஆனால் நான் பார்க்கவில்லை. சிறுவயதிலிருந்தே எனக்குப் பொய் சொல்ல வராது, அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

"பார்க்கவில்லை" என்றேன்.

மீட்டிங் அதற்குப் பிறகு நாலு நிமிடம்கூட நடக்கவில்லை. மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட் பக்கத்தில் நிற்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சரியாத்தான சொன்னீங்க மேடம். பாக்காததப் பாத்தேன்னு எப்படிச் சொல்லுவீங்க?" என்றார். லிஃப்ட் வந்தது. உள்ளே ஏறிக்கொண்டு கையை ஆட்டினார்.

பிறகு நான் பலமுறை போன் செய்தேன். எடுக்கவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கும்பிடு பொம்மை வரும். ஐந்து இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், உங்கள் விவரத்தை அனுப்புங்கள் என்று எழுதினேன். அதற்கும் கும்பிடுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை விஷ்ராந்த்வாடி பாஜி மார்க்கெட்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நல்லவேள, உங்களப் பாத்தேன். ஆபீஸ்ல என்ன அவ்வளவு வேலையா? காலைல எட்டு மணிக்கு பேக்க மாட்டிக்கிட்டுப் போறவுக ராத்திரிதான் வாராக. சனிக்கிழமகூட இன்னைக்குப் போயிருக்காக. ஆளு பாதியா மெலிஞ்சிட்டாக. கேட்டா, முக்கியமான வேலை, முடிஞ்சதும் சொல்லுதேங்காக. நீங்க மேல இருக்கவுக, கொஞ்சம் வேலையக் குறைச்சுக் குடுக்கக்கூடாதா?"

ஒடித்த வெண்டைக்காயின் இரண்டு துண்டும் அவர் கையிலேயே இருந்தன. பக்கத்தில் ஒருவர் கொத்தமல்லிக் கட்டைத் தண்ணீரில் முக்கி உதறிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எட்டு மணியிலிருந்து ராத்திரிவரை எங்கே உட்கார்ந்திருப்பார், எந்தப் பூங்காவில், எந்த மெட்ரோ நிலையத்தில் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"என்ன, பேச மாட்டேங்கீங்க? தினமும் பாக்கீங்கல்லா அவுகள?" என்றார்.

"பாக்கறேங்க. தினமும் பாக்கறேன். வேலை ஜாஸ்திதான்" என்றேன்.